புவி அமைப்பு மாடல் மெதுவாக ஓடுகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழை நீக்கும் வழி

காலநிலை மாடல் ஓட்டுகிற இடங்களில் ஒருவர் "வேகம் போதவில்லை" என்று சொன்னால், பக்கத்து மேசையிலிருந்து வரும் முதல் யோசனை "இன்னும் நாலு நோட் போட்டுப் பாருங்களேன்" என்பதுதான். (நோட் என்பது பல கோர்கள் கொண்ட ஒரு கணினிப் பெட்டி; கோர்-மணி என்பது ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடும் செலவு.) சில நேரம் அது பலிக்கும். பல நேரம் ஒதுக்கீட்டில் இருந்த கோர்-மணி கரையும், வேகம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆயிரக்கணக்கான கோர்களில் பரவி ஓடும் மாடல் இழுக்கிறது என்றால், கணக்கு அதிகம் என்பது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். உள்ளே யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியும் முன் எதையும் மாற்றக் கூடாது.

கீழே உள்ளவை அமெரிக்காவின் என்கார் வளிமண்டல ஆய்வு மையத்தில் வளர்ந்த சி.இ.எஸ்.எம். என்ற புவி அமைப்பு மாடலை வைத்து எழுதியவை. வளிமண்டலம், கடல், கடல்பனி, நிலம், ஆறு என்று தனித்தனிப் பகுதிகளை ஒரு கப்ளர் கோத்து ஓட்டும் எந்த மாடலுக்கும் இதே முறை பொருந்தும். கோப்புப் பெயர்கள்தான் மாறும்.

## முதலில் அளவு

இரண்டு எண்கள் வேண்டும். இடைவிடாமல் 24 மணி நேரம் ஓடினால் எத்தனை மாடல் ஆண்டுகள் முடியும் என்பது ஒன்று. ஒரு மாடல் ஆண்டுக்கு எத்தனை கோர்-மணி செலவாகிறது என்பது இன்னொன்று. முதலாவது வேகம், இரண்டாவது விலை. நோட் கூட்டினால் வேகம் கொஞ்சம் ஏறும், விலை அதைவிட வேகமாக ஏறும். அதனால் வேகத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஓட்டம் ஒழுங்காக முடிந்தால் டைமிங் ஃபோல்டரில் ஒரு சுருக்கக் கோப்பு விழும். மேலே இந்த இரண்டு எண்களும் இருக்கும். கீழே ஒவ்வொரு பகுதியும் ஒரு மாடல் நாளுக்கு எத்தனை விநாடி எடுத்தது என்ற பட்டியல் இருக்கும்.

ஓட்டம் பாதியில் நின்றுபோனாலும் கப்ளர் லாக் கையில் இருக்கும். ஒவ்வொரு மாடல் நாள் முடிந்ததும் அதில் டி-ஸ்டாம்ப் என்று தொடங்கும் ஒரு வரி விழும். அந்த நாளுக்கு எத்தனை விநாடி ஆனது, இதுவரை சராசரி எவ்வளவு என்பது அதிலேயே இருக்கிறது. 365 நாள் காலண்டர் என்றால் 237-ஐ அந்த விநாடியால் வகுங்கள், வேகம் கிடைத்துவிடும். நாளுக்கு 24 விநாடி என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மாடல் ஆண்டு. இந்த வரிகளை மட்டும் உருவி எடுத்து ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். கோடு தட்டையாக இருக்கிறதா, மெல்ல ஏறுகிறதா, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் துள்ளுகிறதா? கீழே உள்ள பாதி அறிகுறிகளை அந்தப் படம் ஒன்றே பிரித்துக் கொடுத்துவிடும்.

சோதனைக்கு 5 நாள் ஓட்டம் போதாது. 20 நாளாவது வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பு எழுதுவதை அணைத்துவிடுங்கள். மாடல் எழுந்து நிற்க ஆகும் தொடக்க நேரத்தைச் சேர்க்காதீர்கள். பகுதிகளுக்கு இடையே, எல்லோரும் வந்து சேரும் வரை நிறுத்தி வைக்கும் பேரியர் போடும் ஓர் அமைப்பும் இருக்கிறது. அளக்கும்போது மட்டும் அதைப் போட்டால், ஒரு பகுதி வேலை செய்த நேரமும் காத்திருந்த நேரமும் தனித்தனியாகத் தெரியும். அளந்த கையோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே புதுத் தாமதமாகிவிடும்.

## அறிகுறி: முதல் ஓட்டமே இழுக்கிறது

புது கணினி, புது கேஸ் (ஓர் ஓட்டத்துக்கான அமைப்புத் தொகுப்பு), எதிர்பார்த்ததில் பாதி வேகம்கூட இல்லை. இதில் ஆழமாக யோசிக்க ஒன்றும் கிடையாது, வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் போதும்.

டீபக் பில்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிழை தேடுவதற்காக யாரோ போட்டது, கேஸை அப்படியே நகல் எடுத்ததில் கூடவே வந்திருக்கும். அந்த நிலையில் கம்பைலர் எந்த ஆப்டிமைசேஷனும் செய்யாது. ஒவ்வொரு அரே எல்லையையும் சரிபார்த்துக்கொண்டே போகும். மாடல் சில மடங்கு மெதுவாகத்தான் ஓடும்.

அடுத்தது த்ரெட். மாடலின் வேலை எம்.பி.ஐ. டாஸ்க்குகளாகப் பிரிந்து ஓடும்; ஒவ்வொரு டாஸ்க்கும் தன் பங்கை இன்னும் பிரித்து ஓட்டும் கிளைகள்தான் த்ரெட். எம்.பி.ஐ. டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் 4 ஓபன்-எம்.பி. த்ரெட் கேட்டிருப்பீர்கள், கோர் ஒதுக்கும் கட்டளை சரியில்லையென்றால் நாலும் ஒரே கோரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜாப் ஓடும்போது அந்த நோட்டுக்குள் நுழைந்து 'டாப்' கட்டளையைப் பாருங்கள். நோட்டில் கால்வாசிக் கோர்தான் வேலை செய்கிறது, மற்றவை சும்மா கிடக்கின்றன என்றால் காரணம் இதுதான்.

அப்புறம், வேறொரு கணினிக்காகப் போட்ட கோர் பங்கீடு. என்காரின் பழைய கணினியான ஷையென்னில் ஒரு நோட்டுக்கு 36 கோர். அடுத்து வந்த டெரெச்சோவில் 128. ஷையென்னில் 1,800 டாஸ்க் என்றால் சரியாக 50 நோட். அதே 1,800-ஐ 128 கோர் நோட்டுகளில் போட்டால் 14 நோட் நிரம்பி, 8 டாஸ்க் மிஞ்சும். அந்த எட்டுக்காக 15-ஆவது நோட் முழுவதற்கும் கோர்-மணி கழியும்.

இதைப் பார்த்ததும் "1,800 எதற்கு, 14 நோட்டில் அடங்கும்படி 1,792 என்று வைத்துவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் அடுத்த அறிகுறி தொடங்குகிறது.

## அறிகுறி: டாஸ்க்கை மாற்றினால் வேகம் கூடவில்லை, சில நேரம் குறைகிறது

வளிமண்டலப் பகுதியில் ஸ்பெக்ட்ரல் எலிமென்ட் முறையில் ஓடும் என்.இ.30 கட்டத்தை எடுத்துக்கொள்வோம்; ஏறக்குறைய 1 டிகிரி நுணுக்கம். உருண்டையை ஒரு கனசதுரத்தின் 6 முகங்களாகப் பிரித்து, முகத்துக்கு 30×30 வீதம் மொத்தம் 5,400 எலிமென்ட். ஒரு எலிமென்ட் ஒரு டாஸ்க்குக்குத்தான் போகும், இரண்டு டாஸ்க் அதைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

1,800 டாஸ்க் என்றால் ஆளுக்கு 3 எலிமென்ட். கச்சிதம். 2,000 டாஸ்க் கொடுத்தால் 1,400 பேருக்கு 3, மீதி 600 பேருக்கு 2. இரண்டு வைத்திருப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டு, மூன்று வைத்திருப்பவர்களுக்காக ஒவ்வொரு படியிலும் நிற்பார்கள். கூடுதலாகக் கொடுத்த 200 கோரால் இயக்கவியலுக்கு, அதாவது காற்றின் ஓட்டத்தைப் போடும் கணக்குக்கு, ஒரு நன்மையும் இல்லை. அடுத்த நிஜமான படி 2,700-இல்தான், ஆளுக்கு 2 என்று வரும்போது.

இப்போது அந்த 1,792-ஐப் பாருங்கள். ஆளுக்கு 3 கொடுத்தால் 5,376 தீரும், 24 எலிமென்ட் மிச்சம். அதை 24 டாஸ்க்குகள் நாலாவதாகச் சுமக்கும். மற்ற 1,768 டாஸ்க்குகளும் அந்த 24-க்காக நிற்கும். வெறும் 8 டாஸ்க்கைக் குறைத்ததற்கு, இயக்கவியல் கணக்கின் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது! லாக்கில் ஒரு எச்சரிக்கையும் வராது. மாடல் பிழையில்லாமல் ஓடும். யாரும் வருடக்கணக்கில் கவனிக்காமலே இருக்கலாம்.

தீர்வு எளிது. 15 நோட் எடுங்கள், நோட்டுக்கு 128-க்குப் பதில் 120 டாஸ்க் போடுங்கள். 15 × 120 = 1,800. நோட்டுக்கு 8 கோர் சும்மா இருக்கும்; பரவாயில்லை. மெமரி பேண்ட்விட்த்துக்காக அடித்துக்கொள்பவர்கள் அந்த அளவுக்குக் குறைவார்கள். மேகம், கதிர்வீச்சு போன்றவற்றைக் கணக்கிடும் பௌதிகப் பகுதியிலும் இது ஒத்துவருகிறது: என்.இ.30-இன் பி.ஜி.3 வடிவத்தில் 48,600 செங்குத்துப் பத்திகள், ஆளுக்குச் சரியாக 27.

அட்சரேகை-தீர்க்கரேகைக் கட்டத்தில் ஓடும் ஃபைனைட் வால்யூம் பதிப்பில் வேறு விதமான வரம்பு. 1 டிகிரிக்கு 192 அட்சரேகை வரிசைகள். ஒரு துண்டுக்குக் குறைந்தது 3 வரிசை இருந்தே ஆக வேண்டும். ஆக, வடக்கு-தெற்காக 64 துண்டுக்கு மேல் வெட்ட முடியாது. அதற்கு மேல் கோர் வேண்டுமென்றால் உயர வாக்கில் வெட்ட வேண்டும், இரண்டு வெட்டுக்கும் இடையே தரவை மாற்றி மாற்றி அனுப்பும் செலவு சேரும்.

டாஸ்க் கூட்டியும் கடல் பகுதி மட்டும் அசையவில்லை என்றால், பாரோட்ராபிக் சால்வரைப் பாருங்கள். பி.ஓ.பி. கடல் மாடலில் கடல்மட்ட அழுத்தத்தைத் தீர்க்கும் கணக்கு இது. பழைய முறை கான்ஜுகேட் கிரேடியன்ட் வகை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா டாஸ்க்குகளும் தங்கள் எண்ணைக் கொடுத்து, உலகம் முழுவதற்குமான ஒரே கூட்டுத்தொகையை வாங்கிக்கொண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். கோர் கூடக் கூட அந்தக் கூட்டல் மெதுவாகும். ஒரு கட்டத்துக்கு மேல் கணக்கை விட அதுதான் அதிக நேரம் தின்னும். 2015-இல் வந்த பி-சி.எஸ்.ஐ. சால்வர் இந்த உலகளாவிய கூட்டலை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்க்கிறது. 0.1 டிகிரிக் கடலில் 16,875 கோர்களில் அந்தப் பகுதி மட்டும் 5 மடங்குக்கு மேல் வேகமானது. உங்கள் கேஸில் எந்த சால்வர் இருக்கிறது என்று அமைப்புகள் எழுதியிருக்கும் நேம்லிஸ்ட் கோப்பில் ஒரு வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 1 டிகிரியில் சில நூறு கோர் என்றால் வித்தியாசம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

## அறிகுறி: ஒவ்வொரு பகுதியும் வேகம், கூட்டினால் மெதுவு

எனக்குக் கேட்டால், மொத்தத்தில் அதிக லாபம் கிடைப்பது இங்கேதான். கோடிக்கணக்கான கோர்-மணி இங்கே சத்தமில்லாமல் ஒழுகிப் போகிறது.

வழக்கமான அமைப்பு இது: வளிமண்டலம் பெரிய கோர் கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதே கூட்டத்தில், வளிமண்டலம் ஓடாத நேரத்தில், நிலமும் கடல்பனியும் ஆளுக்குப் பாதியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். கடல் தனி நோட்டுகளில், இவர்கள் எல்லோரோடும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான். வளிமண்டலம் 1,800 டாஸ்க், ஒரு மாடல் நாளுக்கு 18 விநாடி. கடல்பனி 3, நிலம் 2. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால் 3 மட்டும் கணக்கு. கப்ளருக்கு 1. ஆக, இந்தப் பக்கம் 22 விநாடி. கடலுக்கு 240 டாஸ்க் கொடுத்திருக்கிறோம், அது 31 விநாடி எடுக்கிறது. கடல் முடியும் வரை 1,800 கோர்கள் ஒவ்வொரு நாளும் 9 விநாடி வாயில் ஈ போவது தெரியாமல் நிற்கின்றன. வேகம் 7.6 ஆண்டு. விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 6,400 கோர்-மணி.

கடலுக்கு இன்னொரு 120 கோர் கொடுங்கள். அது 22 விநாடிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கோர் 2,040-லிருந்து 2,160. வேகம் 10.8 ஆண்டு. விலை சுமார் 4,800 கோர்-மணி. கோர் கூடியிருக்கிறது, விலை குறைந்திருக்கிறது. இதே 120 கோரை வளிமண்டலத்துக்குக் கொடுத்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் முடித்துவிட்டு இன்னும் அதிக நேரம் நின்றிருக்கும்.

சமன் செய்யும்போது ஒரு விதி: யாராவது காத்திருந்தே ஆக வேண்டுமென்றால் சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்துக்காகக் காத்திருக்கட்டும். கடல் ஒரு விநாடி முன்னால் முடிவதுபோல் வையுங்கள். 360 கோர் ஒரு விநாடி நிற்பது மலிவு, 1,800 கோர் நிற்பது இல்லை.

கடல்பனி கொஞ்சம் தந்திரக்காரப் பயல். பனி துருவங்களில்தான் இருக்கிறது. வரைபடத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தால் வெப்பமண்டல டாஸ்க்குகளுக்கு வேலையே இருக்காது. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் துருவத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று கலந்து கொடுக்கும் பங்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். தவிர, பனிப்பரப்பு பருவத்தோடு மாறும். ஜனவரியில் 20 நாள் அளந்து சமன் செய்த பங்கீடு செப்டம்பரில் சாய்ந்திருக்கலாம். நீண்ட ஓட்டம் என்றால் இரண்டு பருவங்களிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

வளிமண்டலத்துக்கு உள்ளேயும் இதே கதை. சூரிய ஒளிக் கதிர்வீச்சுக் கணக்கு பகலில் இருக்கும் பத்திகளுக்கு மட்டும்தான். பூமியின் ஒரு பாதி வேலை செய்யும், மறுபாதி சும்மா இருக்கும். இதற்காகவே பகல் பத்தியையும் இரவுப் பத்தியையும் ஜோடி சேர்த்து ஒரே டாஸ்க்குக்குக் கொடுக்கும் வசதி மாடலில் இருக்கிறது. சாதாரணமாக அது போட்டேதான் இருக்கும். யாராவது அணைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

## அறிகுறி: குறிப்பிட்ட நாட்களில் மட்டும் துள்ளுகிறது

வரைபடத்தில் கோடு தட்டையாகப் போய், மாதக் கடைசியில் அல்லது 5 நாளுக்கு ஒருமுறை ஊசிபோல் மேலே போகிறதா? கோப்பு எழுதுகிறது. ரீஸ்டார்ட் எழுதும் நாளா, முடிவுகளைச் சேமிக்கும் ஹிஸ்டரி எழுதும் நாளா என்று தேதியை ஒப்பிட்டால் தெரியும்.

எவ்வளவு எழுதுகிறீர்கள் என்று ஒரு கணக்கு: 48,600 பத்தி, 32 அடுக்கு, எண்ணுக்கு 4 பைட். ஒரு முப்பரிமாண மாறி ஒரு முறை எழுத 6.2 மெகாபைட். 6 மணிக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 1,460 தடவை, 9 கிகாபைட். இப்படி 20 மாறி என்றால் ஒரு மாடல் ஆண்டுக்கு 180 கிகாபைட். "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்த்த மாறிகள்தான் இந்தப் பட்டியலில் பாதி இருக்கும். அவற்றை மாத சராசரிக்கு மாற்றினாலே துள்ளல் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் எழுதும் முறையைப் பாருங்கள். கோப்பு எழுதும் பி.ஐ.ஓ. நூலகத்தில் சாதாரண நெட்-சி.டி.எஃப். வகை போட்டிருந்தால் எல்லாத் தரவும் ஒரே டாஸ்க்கிடம் வந்து குவிந்து, அது ஒன்றே எழுதும். பி-நெட்-சி.டி.எஃப். வகைக்கு மாற்றினால் பல டாஸ்க்குகள் சேர்ந்து எழுதும். அதற்காக எல்லா டாஸ்க்கையும் எழுத விடாதீர்கள். 2,000 பேர் ஒரே கோப்பின் மேல் விழுந்தால் டிஸ்க் சர்வர் திணறிவிடும். நோட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று தொடங்கிப் பாருங்கள். லஸ்டர் வகை ஃபைல் சிஸ்டமாக இருந்தால், வெளியீட்டு ஃபோல்டரின் ஸ்ட்ரைப் எண்ணிக்கை (ஒரு கோப்பு எத்தனை துண்டாகப் பிரிந்து வெவ்வேறு டிஸ்க்குகளில் விழும் என்பது) 1 என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய கோப்புகளுக்கு அது போதாது. ஃபோல்டரில் கோப்பு விழும் முன்பே மாற்ற வேண்டும், ஏற்கெனவே இருக்கும் கோப்புக்கு அது பொருந்தாது.

## அறிகுறி: நாள் போகப் போக மெதுவாகிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். நினைவக ஒழுக்கு முதலாவது: கப்ளர் லாக்கில் டி-ஸ்டாம்ப்புக்கு அருகிலேயே நினைவக வரியும் விழும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் யாரோ நினைவகத்தை எடுத்துக்கொண்டு விடுவிக்காமல் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அண்மையில் நீங்கள் சேர்த்த நிரல்தான். இரண்டாவது மேலே சொன்ன பனிப் பருவம், இது சில மாதத்தில் தானாகவே இறங்கும்.

மூன்றாவது கொஞ்சம் மறைவானது. வேதியியல் சேர்த்து ஓட்டும்போது, இருட்டில் நிலைக்காத சேர்மங்களின் அளவு துருவக் குளிர்காலத்தில் சரிந்துகொண்டே போய், இரட்டைத் துல்லியத்தில் (எண்ணுக்கு 8 பைட்) 10-இன் −308 அடுக்குக்கும் கீழே விழுந்துவிடும். இத்தகைய நுண் எண்களைப் பல சிப்கள் சாதாரண வேகத்தில் கையாளாது. ஒரு பெருக்கலுக்குப் பல மடங்கு நேரம் எடுக்கும். அவற்றைப் பூஜ்ஜியமாக்கிவிடும் கம்பைலர் தேர்வு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் கோப்பில் வேதியியல் மட்டும் வீங்கியிருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

## அறிகுறி: நேற்று ஓடிய வேகத்தில் இன்று ஓடவில்லை

எதையும் மாற்றவில்லை, அதே கேஸ், 20 சதவீதம் மெதுவு. ஒரு நோட் நோயாளி. சூடாகி கடிகார வேகம் குறைந்திருக்கலாம், மெமரி ஒன்று போயிருக்கலாம். ஆயிரம் கோர் சேர்ந்து ஓடும்போது எல்லோரும் அந்த ஒரு நோட்டின் வேகத்துக்குத்தான் ஓடுவார்கள். விரிவான டைமிங் புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அதிகபட்ச நேரம் எடுத்த டாஸ்க் எண் இருக்கும். தரவு பரிமாற்றத்தை விட்டுவிட்டுக் கணக்கு மட்டும் போடும் பகுதிகளைப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே நோட்டின் டாஸ்க்குகள் வந்தால் அந்த நோட்டை விலக்கி ஜாப் போட்டுவிட்டு, கணினி நிர்வாகிக்கு நோட் எண்ணோடு எழுதுங்கள்.

நினைவகம் போதாமல் ஜாப் தொடக்கத்திலேயே செத்தால், நோட்டுக்கு டாஸ்க்கைக் குறைத்து, விட்ட இடத்தைத் த்ரெட்டால் நிரப்புங்கள். கோர் வீணாகாது.

## அறிகுறி: எல்லாம் சமம், இருந்தும் போதவில்லை

இங்கே வந்த பிறகுதான் கணக்கையே குறைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இங்கிருந்து எதைத் தொட்டாலும் விடையும் மாறும்.

ட்ரேசர் எண்ணிக்கையை, அதாவது ஓட்டத்தோடு சேர்ந்து நகரும் அளவுகள் எத்தனை என்பதை, முதலில் பாருங்கள். கடலில் வெப்பநிலை, உப்பு என்ற இரண்டோடு நிற்கும் ஓட்டத்தில் உயிர்வேதியியலைச் சேர்த்தால் 30-ஐ ஒட்டிக் கூடுதல் ட்ரேசர்கள் வரும். ஒவ்வொன்றையும் நீரோட்டம் சுமந்து செல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். கதிர்வீச்சுக் கணக்கு ஏற்கெனவே மணிக்கு ஒருமுறைதான் நடக்கிறது, பௌதிகப் படி 30 நிமிடம். அதை 3 மணி ஆக்கினால் நிச்சயம் வேகம் கூடும். ஆனால் பகல்-இரவு மழைச் சுழற்சி கெடும். மழையைப் பற்றிய ஆய்வில் இதைச் செய்யாதீர்கள்.

ஒற்றைத் துல்லியம் (எண்ணுக்கு 4 பைட்) பெரிய லாபம். ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம் 2021 மே மாதம் தன் முன்னறிவிப்பு மாடலை அதற்கு மாற்றியது. நேரம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது; மிச்சப்பட்டதை வைத்து, தொடக்கத்தைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டும் குழும முன்னறிவிப்பின் செங்குத்து அடுக்குகளை 91-லிருந்து 137 ஆக்கினார்கள். காலநிலை ஓட்டத்தில் அப்படியே செய்யலாமா என்றால், ஓரிடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 280 கெல்வினைச் சுற்றி ஒற்றைத் துல்லிய எண்களின் இடைவெளி 0.00003. ஆழ்நிலம் ஆண்டுக்கு 0.01 கெல்வின் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடப் படியில் ஆண்டுக்கு 17,520 படிகள்; ஒரு படிக்கு 0.0000006 கெல்வின். கூட்டினால் பழைய எண்ணே திரும்பி வரும். நூறு ஆண்டு ஓட்டினாலும் அந்த அடுக்கு சூடாகவே ஆகாது! இதுபோன்ற மெல்லச் சேரும் மாறிகளை மட்டும் இரட்டைத் துல்லியத்திலேயே விட்டுவிட வேண்டும்.

இங்கே சொன்னவற்றில் எதை மாற்றினாலும், கம்பைலர் தேர்வு ஒன்றை மாற்றினால்கூட, கடைசி பிட் வரை அதே விடை பெரும்பாலும் வராது. வரவில்லை என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம், "வானிலை குழப்பமானது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடவும் வேண்டாம். சி.இ.எஸ்.எம்.-உடன் வரும் குழும ஒத்திசைவுச் சோதனை இதற்காகவே இருக்கிறது. தொடக்க வெப்பநிலையை 10-இன் −14 அடுக்கு அளவுக்கு அசைத்து ஓட்டிய ஒரு குழுமத்தோடு உங்கள் சில ஓட்டங்களை வைத்து, புள்ளியியல்படி இவை அதே மாடல்தானா என்று சொல்லும். அதன் விரைவு வடிவத்துக்கு 9 காலப் படிகள் போதும்.

## அறிகுறி: ஜி.பி.யூ.வுக்குப் போயும் மாற்றமில்லை

ஒரே ஒரு சப்ரூட்டீனை மட்டும் ஜி.பி.யூ.வுக்கு மாற்றியிருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் தரவு அங்கே போய் இங்கே திரும்புகிறது, லாபம் வழியிலேயே போய்விடுகிறது. ஒரு முழுப் பௌதிகப் படியாவது அங்கேயே நடந்தால்தான் பலன். இன்னொரு காரணம் வேலை போதாமை. என்.இ.30-ஐ 64 ஜி.பி.யூ.வில் பரப்பினால் ஆளுக்கு 760 பத்திகூடக் கிடையாது, அதற்குள் அது பாதிக்கு மேல் சும்மா இருக்கும். ஜி.பி.யூ. ஜொலிப்பது நுண்ணிய கட்டத்தில். 2023-இல் காலநிலைக்கான கார்டன் பெல் பரிசை வாங்கிய ஸ்க்ரீம் மாடல் சி++ மொழியில் புதிதாக எழுதப்பட்டு, ஃபிரான்டியர் கணினியில் 3.25 கி.மீ. கட்டத்தில் ஒரு நாளில் 1.26 மாடல் ஆண்டு ஓடியது. 1 டிகிரியில் நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டுகிறவருக்கு இன்றைக்கும் சி.பி.யூ. நோட்டுகளே நியாயமான தேர்வு.

## அறிகுறி: மாடல் வேகம், ஆனால் ஆண்டுகள் சேரவில்லை

டைமிங் கோப்பு நாளுக்கு 10 ஆண்டு என்கிறது, வாரக் கடைசியில் எண்ணினால் 15 ஆண்டுதான் முடிந்திருக்கிறது. மீதி நேரம் கியூவில் போயிற்று. காலநிலை மாடல்களின் கணிப்பு வேகத்தை ஒப்பிட 2017-இல் வெளியான சி.பி.எம்.ஐ.பி. அளவீடுகளில் இதற்கென்றே 'நிஜ வேகம்' என்று தனி எண் உண்டு; காத்திருப்பும் தடங்கலும் சேர்ந்தது.

இங்கே மாடலைத் தொட ஒன்றுமில்லை. ஜாப் வரம்பு 12 மணி நேரம் என்றால் ஒவ்வொரு ஜாப்பும் 11 மணி நேரத்துக்காவது ஓடும்படி மாடல் ஆண்டுகளைக் கொடுங்கள். 3 மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் நான்கு மடங்கு தடவை வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த ஜாப்பை முந்தையது முடிந்த பிறகு போடாமல், அதைச் சார்ந்ததாக முன்பே போட்டு வையுங்கள். கோப்புகளை ஆவணத்துக்கு நகர்த்தும் வேலையைத் தனிச் சின்ன ஜாப்பாகப் பிரியுங்கள், 15 நோட்டைப் பிடித்துக்கொண்டு கோப்பு நகர்த்த வேண்டியதில்லை. அப்புறம், 30 நோட்டில் 2 நாள் காத்திருப்பதை விட 15 நோட்டில் 2 மணி நேரத்தில் உள்ளே போய்விட முடிகிறதா என்று உங்கள் கணினியின் கியூவைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் மெதுவான பங்கீடே முதலில் முடிக்கிறது.